செய்தவரைத் தேடுவோம்: ஆங்கிலச் செயப்பாட்டுவினையும் பொறுப்புக்கூறலும்

ஆங்கில நாளிதழ்களில் நாம் அடிக்கடி காணும் தலைப்பு ஒன்று உண்டு: 'தலித் மேன் பீட்டன் டு டெத்'. தலித் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது அதன் பொருள். அந்த ஐந்து சொற்களில் இறந்தவர் இருக்கிறார். அவருடைய சாதி இருக்கிறது. அவருக்கு நேர்ந்ததும் இருக்கிறது. அடித்தவர் இல்லை, அடித்தவரின் சாதியும் இல்லை. செய்தியின் நான்காவது பத்தியில் அது வரலாம், வராமலும் போகலாம். தலைப்பை மட்டும் படித்துக் கடந்து செல்பவரின் மனத்தில், சாதி என்பது கொல்லப்பட்டவரிடம் மட்டுமே இருந்த ஒன்றாகப் பதிகிறது.

இப்படி எழுதுவதற்கு இடம் தரும் இலக்கண அமைப்பை ஆங்கிலத்தில் பாசிவ் வாய்ஸ் என்பர், தமிழில் செயப்பாட்டுவினை. செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றி எழுதும் பயிற்சியாகவே பள்ளியில் நாம் இதைக் கற்றோம். வன்கொடுமை வழக்குகளைக் கையாளத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பயிற்சியின் இன்னொரு பக்கம் நமக்குப் புரிகிறது. புகார் மனு, உண்மை அறியும் குழு அறிக்கை, பத்திரிகைச் செய்தி, உயர் நீதிமன்றத்துக்கான மொழிபெயர்ப்பு ஆகிய எல்லாவற்றிலும் ஒரே கேள்வி எழுகிறது: இந்த வாக்கியத்தில் செய்தவர் எங்கே?

ஒரு வாக்கியம், மூன்று வடிவங்கள்

காவலர் ஒருவர் ஒருவரைச் சுட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதை 'போலீஸ் ஷாட் த மேன்' என்று எழுதலாம், இது செய்வினை. 'த மேன் வாஸ் ஷாட் பை போலீஸ்' என்றும் எழுதலாம். இது செயப்பாட்டுவினை, ஆனாலும் 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் சுட்டவர் நிற்கிறார். 'த மேன் வாஸ் ஷாட்' என்பது மூன்றாவது வடிவம். இலக்கணப்படி இதுவும் முழுமையான வாக்கியமே. சுட்டவரை வெளியேற்றிய பிறகும் வாக்கியம் குறையுடையதாகத் தோன்றுவதில்லை. ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்ற உணர்வே வாசகருக்கு எழாமல் போவதில்தான் இந்த வடிவத்தின் ஆற்றல் இருக்கிறது.

1946இல் ஜார்ஜ் ஆர்வெல் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினையைப் பயன்படுத்த முடிந்த இடத்தில் செயப்பாட்டுவினையைத் தவிர்க்குமாறு விதி வகுத்தார். எழுத்துப் பயிற்சி நூல்கள் பலவும் அதையே சொல்கின்றன. மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் போன்றோர் இதை மறுத்துள்ளனர். செயப்பாட்டுவினையைச் சாடுவோரில் பலருக்கு அதை அடையாளம் காணவே தெரியவில்லை என்பது அவர்களின் வாதம். செயப்பாட்டுவினையில் எழுதியும் செய்தவரைத் தெளிவாகச் சொல்ல முடியும். செய்வினையில் எழுதியும் அவரை முழுவதுமாக மறைக்க முடியும். இந்த மறுப்பை நாம் ஏற்க வேண்டும். ஏற்றால்தான் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

அதிகாரத்தில் இருப்போர் இந்த மூன்றாவது வடிவத்தை விரும்புவதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரேகன் ஆற்றிய உரை. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெளிவந்திருந்த நேரம் அது. கடுமையான தவறுகள் நிகழ்த்தப்பட்டன என்று அவர் கூறினார். 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்ற அந்தத் தொடர் அமெரிக்க அரசியலில் அதற்கு முன்பும் பின்பும் பலமுறை ஒலித்திருக்கிறது. தவறு நடந்தது என்ற ஒப்புதல் அதில் உண்டு. தவறு செய்தவர் யார் என்ற விடை அதில் கிடையாது.

மினியாபொலிஸ் காவல்துறையின் அறிக்கை

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் டெரெக் ஷாவின் கொன்றார். ஃபிளாய்டின் கழுத்தின் மீது ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக அவர் முழங்காலை அழுத்தியிருந்தார். அதன் பின் நகரக் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பைத் தமிழில் இவ்வாறு சொல்லலாம்: காவல்துறையுடனான தொடர்பின்போது ஏற்பட்ட மருத்துவ நிகழ்வுக்குப் பின் ஒருவர் இறந்தார்.

அந்த அறிக்கையின் வினைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காரைவிட்டு இறங்குமாறு ஃபிளாய்டுக்கு உத்தரவிடப்பட்டது. அவர் காவலர்களை எதிர்த்தார். காவலர்கள் அவருக்கு விலங்கிட்டனர். அவர் உடல்நலக் குறைவால் அவதிப்படுவதாகத் தோன்றியதைக் காவலர்கள் கவனித்தனர். காவலர்கள் ஆம்புலன்ஸை அழைத்தனர். அவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார், அங்கே இறந்தார்.

எதிர்க்கும் இடத்தில் ஃபிளாய்ட் எழுவாயாக நிற்கிறார். கவனிக்கும் இடத்திலும் ஆம்புலன்ஸை அழைக்கும் இடத்திலும் காவலர்கள் எழுவாயாக நிற்கின்றனர். மரணத்துக்குக் காரணமான செயல் மட்டும் எந்த வாக்கியத்திலும் இல்லை. முழங்கால் இல்லை, கழுத்து இல்லை. அவரைத் தரையில் கிடத்தியதும் இல்லை. 'இறந்தார்' என்பது இலக்கணப்படி செய்வினையே. ஆகவே, செயப்பாட்டுவினையைத் தவிர் என்ற விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த அறிக்கையைத் திருத்த முனையும் ஆசிரியர், தலைப்பில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த வழியே சென்ற 17 வயதுப் பெண் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்த காணொளி வெளியான பிறகே, விடுபட்ட எழுவாயை உலகம் கண்டது. 2021 ஏப்ரல் 20 அன்று நடுவர் குழு ஷாவினைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. காணொளி இல்லாத மரணங்களில் காவல்துறையின் வாக்கியமே கடைசி வாக்கியமாக நின்றுவிடும் என்பதை நாம் மறக்கலாகாது.

செய்தவர் மறையும் நான்கு வழிகள்

ஆங்கிலச் செய்திகளிலும் அரசு ஆவணங்களிலும் செய்தவர் நான்கு வழிகளில் மறைகிறார்.

முதல் வழி, செய்தவரைச் சொல்லாத செயப்பாட்டுவினை. 'ஹவுசஸ் வேர் டார்ச்ட்' என்றால் வீடுகள் கொளுத்தப்பட்டன என்று பொருள். கொளுத்தியவர் யார் என்பது தெரியவில்லை. ஆனாலும் யாரோ கொளுத்தினார் என்ற அளவுக்காவது இது உண்மையை ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது வழி, தானாக நிகழ்ந்ததைப் போல எழுதுவது. 'பர்ன்ட்', 'ட்ரௌண்ட்' ஆகிய ஆங்கில வினைகளுக்கு இரட்டை வாழ்க்கை உண்டு. வீடு எரிந்தது என்பதற்கும் வீட்டை எரித்தனர் என்பதற்கும் ஆங்கிலத்தில் வினை ஒன்றுதான். தமிழ் இங்கே கூர்மையானது. எரிந்தது, எரித்தனர், இடிந்தது, இடித்தனர், மூழ்கினர், மூழ்கடித்தனர் என்று தன்வினையும் பிறவினையும் வினைச்சொல்லின் வடிவிலேயே பிரிந்து நிற்கின்றன. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலமாகச் சென்றவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. குழந்தை ஒன்று உட்பட 17 பேர் இறந்தனர். அவர்கள் தாமிரபரணியில் மூழ்கி இறந்தார்கள் என்று எழுதினால், ஆறு கொன்றது என்றாகிவிடுகிறது. தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியோரின் மரணத்தைச் சொல்லும் வாக்கியத்தில் தடியை ஏந்தியவரும் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது வழி, வினையைப் பெயர்ச்சொல்லாக மாற்றுவது. 'காஸ்ட் கிளாஷ்' என்ற தொடர் இதற்குச் சான்று. சாதி மோதல் என்று தமிழ் நாளிதழ்களும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டன. மோதல் என்றால் இரு தரப்பும் சமமாக மோதின என்ற எண்ணம் உருவாகிறது. குடியிருப்புக்குள் புகுந்து ஒரு தரப்பு தாக்கியது, மறு தரப்பு தப்பி ஓடியது என்ற நிகழ்வும் இதே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. 'இன்சிடென்ட்', 'ஃபயரிங்', 'அன்ரெஸ்ட்' ஆகிய பெயர்ச்சொற்களும் இப்பணியையே செய்கின்றன.

நான்காவது வழி, உயிரற்ற பொருளைச் செய்தவராக்குவது. கழிவுநீர்த் தொட்டிக்குள் தொழிலாளர்கள் இறக்கும்போதெல்லாம் நச்சுவாயு தாக்கி மூவர் பலி என்று செய்தி வருகிறது. வாக்கியத்தில் குற்றவாளியாக நிற்பது வாயு. ஆனால், மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு வாயுவைப் பற்றிப் பேசவில்லை. எந்தத் தனிநபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் அபாயகரமான முறையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் பணியில் அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினாலே ஈராண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 9ஆவது பிரிவு வழிசெய்கிறது. சட்டம் கேட்கும் கேள்வி, இறக்கியவர் யார் என்பது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்திருக்கிறது. செய்தி வாக்கியத்தில் மட்டும் பணியில் அமர்த்தியவர் இன்னும் இடம்பெறவில்லை.

வாசகர் மனத்தில் நிகழ்வது

இவையெல்லாம் வெறும் சொல் விளையாட்டு, வாசகர் உண்மையைப் புரிந்துகொள்வார் என்று சிலர் வாதிடக்கூடும். ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டுகின்றன. 1995இல் நான்சி ஹென்லியும் உடன் ஆய்வாளர்களும், பெண்கள் மீதான வன்முறை பற்றிய செய்திகளைச் செய்வினையிலும் செயப்பாட்டுவினையிலும் எழுதி மாணவர்களிடம் கொடுத்தனர். செயப்பாட்டுவினையில் படித்த ஆண்கள், பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த தீங்கையும் குற்றம் செய்தவரின் பொறுப்பையும் குறைவாக மதிப்பிட்டனர்.

2010இல் கெய்ட்லின் ஃபாசியும் லெரா போரோடிட்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு இழப்பீட்டைப் பற்றியது. உணவகம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தை இரு விதமாக எழுதினர். ஒன்றில், அந்தப் பெண் கைக்குட்டைத் தாளைப் பற்றவைத்துவிட்டார் என்றிருந்தது. மற்றொன்றில், தாள் பற்றிக்கொண்டது என்றிருந்தது. நிகழ்வு ஒன்றே. முதல் வடிவத்தைப் படித்தவர்கள் அந்தப் பெண் மீது கூடுதல் பழியைச் சுமத்தினர். அவர் செலுத்த வேண்டிய தொகையையும் உயர்த்தினர். வாக்கிய அமைப்பு பழியையும் பணத்தையும் இடம் மாற்றுகிறது என்பது இதன் பொருள். நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் விசாரணை அதிகாரியும் வாசகர்களே.

சட்டம் செய்தவரிடமிருந்தே தொடங்குகிறது

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 3ஆவது பிரிவு எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத எவரொருவர் என்பதே அதன் முதல் தொடர். குற்றச் செயலுக்கு முன்பே செய்தவர் வந்துவிடுகிறார். அவருடைய சமூக நிலையும் வந்துவிடுகிறது. சாதாரணக் கொலை வழக்கில் கொன்றவரின் சாதி குற்றத்தின் கூறு ஆகாது. இச்சட்டத்தில் அது குற்றத்தின் கூறு. செய்தவர் இல்லாத வாக்கியம் இங்கே நடைக் குறைபாட்டோடு நின்றுவிடுவதில்லை. வழக்கின் ஒரு தூணையே அது எடுத்துவிடுகிறது.

இதைப் பயன்படுத்தி, முதல் தகவல் அறிக்கையில் குற்றம் சாட்டப்பட்டவரின் சாதி குறிப்பிடப்படவில்லை என்று வாதிட்டு வழக்கையே ரத்து செய்யக் கோருவது வழக்கம். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. முதல் தகவல் அறிக்கை என்பது கலைக்களஞ்சியம் அன்று என்றும், சாதியை விசாரணையின்போது கண்டறிந்து பதிவு செய்யலாம் என்றும் அது கூறியது. ஆகவே, சாதி விடுபட்டதாலேயே புகார் செல்லாது என்று எவரேனும் சொன்னால் அதை நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும், தெரிந்த ஒன்றை முதல் நாளே எழுதிவிட்டால் எதிர்த்தரப்புக்கு அந்த வாதமே கிட்டாது.

மொழிபெயர்ப்பில் விழும் ஓட்டை

அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழியும் இன்றளவும் ஆங்கிலமே. தமிழில் பதிவான புகாரை மொழிபெயர்த்தே அங்கே தாக்கல் செய்கிறோம். பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் செய்வினையில்தான் பேசுகின்றனர். எடுத்துக்காட்டாக, மேலத்தெருவைச் சேர்ந்த ஐந்து பேர் வந்து எங்கள் கூரைக்குத் தீ வைத்தார்கள் என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். அது ஆங்கிலத் தாளில் 'த ஹட் வாஸ் பர்ன்ட்' என்று சுருங்கிவிட்டால், ஐந்து பேரும் மேலத்தெருவும் மறைந்துவிடுகின்றனர். 'த ஹட் காட் ஃபயர்' என்று ஆகிவிட்டால் தீ வைத்த செயலே மறைந்துவிடுகிறது.

இதைத் தடுக்கும் கருவி சட்டத்திலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் திருத்தம், 4ஆவது பிரிவில் அரசு ஊழியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. வாய்மொழியாகக் கூறிய தகவலை எழுதிய பின், கையொப்பம் பெறுவதற்கு முன்பு, அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் நகலை உடனடியாகத் தர வேண்டும். ஆவணங்களைச் சரியாகத் தயாரிப்பதும் சரியாக மொழிபெயர்ப்பதும் அதே பட்டியலில் உள்ளன. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நிர்வாக விசாரணையின் பரிந்துரையின் பேரிலேயே அவர் மீது குற்றம் சுமத்த முடியும். காவல் நிலையத்துக்குப் புகார்தாரருடன் செல்லும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இந்தப் பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். படித்துக் காட்டும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் இருக்கிறாரா என்று கேட்பது புகார்தாரரின் உரிமை.

செயப்பாட்டுவினைக்கு உரிய இடம்

எல்லாச் செயப்பாட்டுவினையும் ஏமாற்று என்ற முடிவுக்கு வருவது தவறு. செய்தவர் உண்மையிலேயே தெரியாதபோது அதுவே நேர்மையான வடிவம். இரவில் சிலையை உடைத்தவர் யாரென்று தெரியாத நிலையில், சிலை உடைக்கப்பட்டது என்றே எழுத வேண்டும். சிலை உடைந்தது என்று எழுதக் கூடாது. பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு தடை செய்கிறது. அங்கே மறைப்பதே கடமை. ஆனால் அம்மறைப்பு பாதிக்கப்பட்டவருக்கான பாதுகாப்பு. குற்றம் செய்தவருக்கு அதை நீட்டிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. அவர் சிறாராக இருக்கும்போதும், அவரை வெளிப்படுத்துவது பாதிக்கப்பட்டவரையும் வெளிப்படுத்திவிடும் என்னும்போதும் மட்டுமே இதற்கு விலக்கு.

நம் விடுதலை வரலாற்றின் மிக முக்கியமான வாக்கியங்களுள் ஒன்றும் செயப்பாட்டுவினையில்தான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது உறுப்பு, தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்றும், எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது என்றும் கூறுகிறது. பாகுபாடு காட்டலாகாது என்று ஆணையிடும் 15ஆவது உறுப்பின் முதல் உட்கூறில் அரசு எழுவாயாக நிற்கிறது. அது அரசைக் கட்டுப்படுத்துகிறது. 17ஆவது உறுப்பில் அப்படி ஓர் எழுவாய் இல்லை. தடையிலிருந்து தப்பிச் செல்ல எவருக்கும் வழியில்லாதபடி அது எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், 17ஆவது உறுப்பு உள்ளிட்ட சில அடிப்படை உரிமைகளைத் தனிநபர்களுக்கு எதிராகவும் செயல்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தியது. தேநீர்க் கடைக்காரரும் கோயில் அறங்காவலரும் நில உடைமையாளரும் அதன் வரம்புக்குள் வருகின்றனர். இங்கே செய்தவரைச் சொல்லாதது பொறுப்பை விரிவாக்குகிறது. எதிர்காலத்துக்கான தடையை எல்லோருக்கும் பொதுவாக எழுதலாம். நடந்து முடிந்த குற்றத்தை அப்படி எழுத முடியாது. அதைச் செய்த கைகள் குறிப்பிட்ட சிலருடையவை.

நாம் எழுதும்போது

செய்தவரைப் பெயரிடுவது என்றால், தீர்ப்பு வரும் முன்பே ஒருவரைக் குற்றவாளி என்று அறிவிப்பது என்று பொருளாகாது. ஐந்து பேர் மீது காவல்துறை வழக்குப் பதிந்துள்ளது, அவர்கள் தாக்கியதாகப் புகார்தாரர் கூறுகிறார் என்று எழுதும்போது ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் இருக்கிறது. சட்ட எச்சரிக்கையும் காக்கப்படுகிறது. 'அலெஜ்ட்லி' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தூவிச் செல்வதைவிட, குற்றம் சாட்டுபவர் யார் என்று சொல்வது தெளிவானது.

உண்மை அறியும் குழுவின் அறிக்கையை ஆங்கிலத்தில் முடித்தவுடன் அதன் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வினைக்கும் எதிரே மூன்று கேள்விகளை வைப்போம். இதைச் செய்தவர் யார்? அவரை நாம் அறிவோமா? அறிந்தும் எழுதவில்லை என்றால், அந்த மௌனம் யாரைப் பாதுகாக்கிறது? காவல்துறையின் தாமதத்தைப் பற்றிய வாக்கியங்களுக்கும் இது பொருந்தும். வழக்கு தாமதமாகப் பதிவு செய்யப்பட்டது என்பதற்குப் பதிலாக, எந்தக் காவல் நிலையத்தின் எந்தப் பொறுப்பு அதிகாரி எத்தனை நாள் பதியவில்லை என்று எழுதினால், 4ஆவது பிரிவின் கீழ் அடுத்த மனுவுக்கான அடித்தளம் அங்கேயே அமைந்துவிடும்.

செய்தித் தலைப்புகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சாதி இந்துக்கள் தாக்கியதில் தலித் இளைஞர் மரணம் என்று எழுத இடம் போதவில்லை என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது. கொல்லப்பட்டவரின் சாதியை அச்சிடக் கிடைத்த இடம், கொன்றவரின் சாதிக்கும் கிடைக்கும். இதைக் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதையும் நம் பணிகளில் ஒன்றாகக் கொள்வோம்.